சமூகக் கூடத்துக்கு வெப்பக் காப்பு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

சூட்டைத் தடுக்கும் காப்புப் பலகைகள் லாரியில் வந்து இறங்கிய அன்றே ஒட்டத் தொடங்கிவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. ஆட்கள் வந்துவிட்டார்கள், பொருள் வந்துவிட்டது, விடுமுறை நாள் வேறு. யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? சில மாதம் கழித்துச் சுவரில் கரும்புள்ளிகள் படரும்போது ஒட்டியதையெல்லாம் பெயர்த்தெடுப்பார்கள். முதலில் தண்ணீர், அடுத்து காற்றுக் கசிவு, பிறகு காற்றோட்டம், ஒயர், இவை முடிந்த பிறகே காப்பு. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. ஒரு படியைத் தாண்டினால் அதற்கான விலையை அடுத்த படியில் கொடுக்க வேண்டியிருக்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கட்டடத்தின் வரைபடம், கடந்த ஓராண்டின் மின்சார, எரிபொருள் பில்கள், கூடத்தை யார் எந்த நேரத்தில் பயன்படுத்துகிறார்கள் என்ற பதிவேடு. இந்த மூன்றும் இல்லாமல் தடிமனைப் பற்றிப் பேசுவது வீண். பழைய பில் இல்லையென்றால், வேலை முடிந்த பிறகு எவ்வளவு மிச்சமானது என்று குழுவுக்குக் காட்ட எதுவும் இருக்காது.

பழைய கட்டடமென்றால் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறதா என்று சோதனைக்கூடத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கூரைத் தகடு, குழாய் உறை, பழைய தரை ஓடு, மேற்கூரை அட்டை எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். அறிக்கை வரும்வரை துளைபோடவோ அறுக்கவோ கூடாது. அதன் தூள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. இருப்பதாகத் தெரிந்தால் அகற்றுவது உரிமம் பெற்றவர்களின் வேலை. தன்னார்வலர்கள் அதன் பக்கமே போக வேண்டாம்.

மக்கள் கூடும் இடம் என்பதால் தீயணைப்பு விதிகளும் கட்டட அனுமதியும் வீட்டைவிடக் கடுமையாக இருக்கும். பொருளை வாங்குவதற்கு முன்பே அதிகாரிகளிடம் கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் நமக்குப் பிடிக்காது.

2. கூடம் எப்படிப் பயன்படுகிறது என்று எழுதிப் பாருங்கள்

வீட்டுக்கான அறிவுரையை அப்படியே கூடத்துக்குப் பொருத்துவது இரண்டாவது பெரிய தவறு. வீட்டில் நான்கு பேர் நாள் முழுக்க இருப்பார்கள். கூடத்தில் இரண்டு நாள் ஆளே இருக்காது. பிறகு ஒரே மாலையில் நூறு பேர்.

உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். நூறு பேர் என்றால் 10 கிலோவாட். சுவரோரம் ஐந்து பெரிய மின் ஹீட்டர்களை வைத்து எரிய விட்டதற்குச் சமம். மூச்சிலும் வியர்வையிலும் ஒருவர் மணிக்கு 50 கிராம் அளவில் நீராவியும் விடுகிறார். மூன்று மணி நேரக் கூட்டம் முடியும்போது உள்ளே 15 லிட்டர் தண்ணீர், கண்ணுக்குத் தெரியாமல், காற்றில் கலந்திருக்கும். அது எங்கே போய் ஒதுங்கும் என்று யோசிக்காமல் கட்டடத்தை மூடிவிட்டால் காப்புக்குள்ளேயே ஒதுங்கும்.

காப்பை உள்பக்கம் வைப்பதா, வெளிப்பக்கம் வைப்பதா என்பதற்கும் இதில்தான் விடை இருக்கிறது. குளிர்ப் பகுதியில் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் கூடத்தில், தடித்த கல் சுவரைச் சூடாக்குவதற்குள் கூட்டமே முடிந்துவிடும். அங்கே உள்பக்கக் காப்பு அறையைச் சீக்கிரம் சூடாக்கும். தினமும் காலை முதல் இரவு வரை திறந்திருக்கும் கூடமென்றால் வெளிப்பக்கமே நல்லது. சுவர் தன் சூட்டைத் தேக்கிவைத்துத் திருப்பித் தரும்.

வெயில் பகுதியில் கணக்கு வேறு. கான்கிரீட் கூரைத் தளம் நண்பகல் வெயிலைக் குடித்துச் சில மணி நேரம் கழித்துத்தான் கீழே விடுகிறது. மாலைக் கூட்டத்துக்கு ஆட்கள் வந்து உட்காரும் நேரத்தில்தான் தலைக்கு மேல் அனல் இறங்கும். தளத்தின் மேல்பக்கம் காப்பு வைத்தால் வெயில் தளத்தையே தொடாது. கீழ்ப்பக்கம் வைத்தால் தளம் கொதித்துக்கொண்டுதான் இருக்கும், வெடிப்பும் விரிவும் தொடரும்.

3. தண்ணீரை நிறுத்துங்கள்

கூரை ஒழுகல், உடைந்த மழைநீர்க் குழாய், அடைத்துக்கொண்ட வடிகால், சுவரோரம் உயர்ந்துபோன வெளித்தரை, இவற்றையெல்லாம் சரிசெய்துவிட்டு ஒரு மழைக்காலம் காத்திருங்கள். முடியாவிட்டால் குழாய்த் தண்ணீரையாவது கூரையில் பாய்ச்சி ஒரு மணி நேரம் பாருங்கள்.

ஈரமான சுவரைக் காப்பால் மூடினால் அது உலரும் வழியையும் சேர்த்து மூடியதாகிவிடும். கம்பளிபோன்ற இழைக் காப்பு நனைந்தால் சூட்டையும் தடுக்காது. அதை நம்பத்தக்கதாக்குவது இழைகளுக்கு நடுவே சிறைப்பட்ட காற்று. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் வேலை கெட்டது.

4. காற்றுக் கசிவை அடைத்துவிடுங்கள்

புதியவர்கள் சலித்துக்கொண்டு தாண்டிப்போகும் படி இது. பலன் அதிகம் தருவதும் இதுதான். செலவு, விரிசலை அடைக்கும் சிலிக்கோன் பசைக் குழல், ஒட்டுநாடா, பொறுமை.

கசிவைக் கண்டுபிடிக்க முறையான வழி, வாசற்கதவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்கி, மணிக்கு எத்தனை முறை கூடத்தின் காற்று முழுவதும் மாறுகிறது என்று அளப்பது. மிகக் குறைந்த எரிசக்தியில் இயங்கும் கட்டடங்களுக்கான, மிகக் கண்டிப்பான பாசிவ் ஹவுஸ் தரம் 0.6 முறைக்கு மேல் அனுமதிப்பதில்லை. பழைய கூடங்களில் அந்த எண்ணைத் துரத்த வேண்டாம். முதல் அளவைக் குறித்துக்கொண்டு அதைப் பாதியாகக் குறைக்கப் பாருங்கள்.

கருவி கிடைக்கவில்லையா? காற்று வீசும் ஒரு நாளில் கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, சமையலறையிலும் கழிவறையிலும் உள்ள எல்லா வெளியேற்றும் விசிறிகளையும் ஓடவிடுங்கள். எரிவாயு அடுப்பும் ஹீட்டரும் அணைந்திருக்க வேண்டும். பிறகு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு சுவரோரமாக மெதுவாக நடந்து வாருங்கள். நேராக எழும் புகை ஓரிடத்தில் சட்டென்று உள்பக்கம் சாய்ந்தால் அங்கே ஓட்டை. சாக்பீஸால் வட்டமிடுங்கள். நாங்கள் ஒருமுறை இப்படிச் சுற்றியபோது ஜன்னல்களில்தான் ஓட்டை இருக்கும் என்று நம்பிப் போனோம்; அவை ஓரளவு நன்றாகவே இருந்தன. மேடைக்கு அடியில், பலகைகளுக்குப் பின்னால், முன்பு ஏதோ குழாய் போய்வந்த இரண்டு துளைகள் கை நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்தன.

வழக்கமான இடங்கள்: சுவரும் கூரையும் சேரும் கோடு, உத்தரம் சுவருக்குள் நுழையும் இடம், குழாயும் ஒயரும் துளைத்துப்போகும் இடம், சுவிட்ச் பெட்டி, மேற்பரணுக்கு ஏறும் மூடி.

விரலளவுக்குக் குறைந்த விரிசலுக்கு சிலிக்கோன் போன்ற அடைப்பான். அதைவிடப் பெரிதென்றால் முதலில் பலகைத் துண்டால் அடைத்துச் சுற்றிலும் அடைப்பானைப் பூசுங்கள். மரம் சுவரோடு சேரும் இடத்தில் பீய்ச்சி அடைக்கும் நுரையைப் போட்டால், மரம் சுருங்கி விரியும்போது அது பிடிப்பை விட்டுவிடும். அங்கே அதற்கான ஒட்டுநாடாதான் நிற்கும். புகைபோக்கியைச் சுற்றிச் சாதாரண நுரையைப் பயன்படுத்தவே கூடாது, எரியும்.

ஓர் எச்சரிக்கை. கூடத்தில் எரிவாயு ஹீட்டரோ விறகு அடுப்போ இருந்தால், கசிவை அடைத்த பிறகு அது புகையை உள்ளேயே இழுத்துவிடலாம். அந்தப் புகையிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. அடைக்கும் முன் அந்தக் கருவிகளைத் தொழில்நுட்பரிடம் காட்டுங்கள், எச்சரிக்கை மணியும் பொருத்துங்கள்.

5. காற்றோட்டத்துக்குத் தனி வழி

ஓட்டைகளை அடைத்த பின் மூச்சுக்கு வழி வேண்டுமல்லவா? நொடிக்கு ஒருவருக்கு 8 முதல் 10 லிட்டர் வெளிக்காற்று என்பது பொதுவான அளவு. நூறு பேருக்கு நொடிக்கு 1,000 லிட்டர் வரை. ஜன்னலைத் திறந்தே இதைச் சமாளிக்கலாம்; ஆனால் குளிரிலும் வெயிலிலும் யாரும் திறக்க மாட்டார்கள் என்பது அனுபவம்.

வெளியே போகும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித்தரும் காற்றோட்டக் கருவி கூடத்துக்கு நன்றாகப் பொருந்தும். அதைக் கரியமில வாயு உணரியோடு இணையுங்கள். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல் இருக்கும் அந்த வாயு, உள்ளே 1,000 தாண்டினால் விசிறி வேகமெடுக்கட்டும். ஆளில்லாதபோது அடங்கிக் கிடக்கட்டும்.

இதைக் காப்புக்கு முன்னால் முடிவுசெய்யச் சொல்வதற்குக் காரணம், காற்றுக் குழாய்கள் தடிமனானவை. பின்னால் நினைவுவந்தால், ஒட்டி முடித்த பலகையிலும் நீராவித் தடுப்புத் தாளிலும் ஒரு முழத்துக்குத் துளை போட வேண்டியிருக்கும்.

6. எத்தனை தடிமன்?

ஒரு சின்னக் கணக்கு. உள்ளுக்கும் வெளிக்கும் 1 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் ஓடுகிறது என்பதே யூ மதிப்பு. 150 மி.மீ. கான்கிரீட் தளத்துக்கு அது ஏறக்குறைய 4.4. அதன்மேல் 100 மி.மீ. சாதாரணக் காப்பு வைத்தால் 0.32. இன்னொரு 100 வைத்தால் 0.17. மூன்றாவது 100க்கு 0.11.

முதல் அடுக்கு சாதித்ததைப் பாருங்கள், மூன்றாவது அடுக்கு சாதித்ததையும் பாருங்கள். குளிர்ப் பகுதியில் கூரைக்கு 250 முதல் 300 மி.மீ. போடுவது நியாயமே. மிதமான இடத்தில் மூன்றாவது அடுக்கின் பணத்தைக் காற்றோட்டத்துக்கோ நிழலுக்கோ திருப்புவேன்.

தடிமனைவிட முக்கியமான இன்னொரு கணக்கும் உண்டு. அதே தளத்தில் 100 மி.மீ. காப்பை நூற்றுக்கு 95 பங்கு பரப்பில் ஒழுங்காக வைத்துவிட்டு, ஓரங்களிலும் மூலைகளிலுமாக 5 பங்கை விட்டுவிடுகிறீர்கள். சராசரி 0.32 இலிருந்து 0.53க்கு ஏறிவிடும். ஐந்து பங்கு சோம்பலுக்கு அறுபது பங்குக்கு மேல் கூடுதல் இழப்பு! இரும்பு உத்தரம், வெளியே நீளும் தளம், ஜன்னல் விளிம்பு ஆகியவையும் இப்படித்தான் சூட்டைக் கடத்தும் பாலங்களாகின்றன. வரைபடத்தில் காப்பின் கோட்டைப் பேனாவை எடுக்காமல் வரைந்து பாருங்கள். பேனா எங்கே நிற்கிறதோ அங்கே பாலம்.

7. பொருள்: தீயை முதலில் நினையுங்கள்

பாறையை உருக்கி இழையாக்கிய பாறைக் கம்பளி எரியாது, 1,000 டிகிரிக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். தெர்மாகோல் 100 டிகிரியை ஒட்டியே சுருங்கத் தொடங்கிவிடும், பிறகு எரியும். பி.ஐ.ஆர். என்னும் கெட்டி நுரைப் பலகை குறைந்த தடிமனில் அதிகம் தடுக்கும், ஆனால் அதுவும் எரியக்கூடியது, நச்சுப்புகை விடும். 2017 ஜூனில் லண்டனில் அடுக்குமாடிக் குடியிருப்பான கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்த தீயில், வெளிச்சுவரில் போர்த்தப்பட்ட தகடுகளும் அவற்றின் பின்னாலிருந்த எரியக்கூடிய காப்பும் சேர்ந்தே எரிந்தன.

மக்கள் கூடும் இடத்தின் சுவருக்கும் கூரைக்கும் நான் பாறைக் கம்பளியையே கேட்பேன். மண்ணுக்குக் கீழேயும் தளத்தின் மேலேயும் தண்ணீர் படும் இடங்களில் மட்டும், தெர்மாகோல் இனத்தைச் சேர்ந்த, ஈரம் எளிதில் ஏறாத எக்ஸ்.பி.எஸ். பலகை. மரநார், காகிதநார் காப்புகள் ஈரத்தை வாங்கித் திருப்பி வெளியே விடும் தன்மையால் பழைய சுவர்களுக்கு இதமானவை. தீத் தரச் சான்றைப் பார்த்து வாங்குங்கள்.

8. ஒயர், விளக்கு, குழாய்

காப்புக்குள் புதைந்த ஒயரின் சூடு வெளியேற வழியில்லை. அதனால் அது தாங்கக்கூடிய மின்னோட்டம் குறைகிறது. மின்பணியாளரிடம் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பி.வி.சி. உறை போட்ட ஒயர் தெர்மாகோலைத் தொட்டுக்கொண்டே கிடந்தால், உறையிலுள்ள நெகிழ்வுப் பொருள் தெர்மாகோலுக்குள் இறங்கி, உறை காய்ந்த சுள்ளிபோல் விறைத்து வெடித்துவிடும். குழாய்க்குள் விட்டு எடுத்துச் செல்லுங்கள்.

மேற்கூரையில் பதித்த விளக்குகளுக்கு எரியாத மூடி போட்ட பிறகே மேலே கம்பளி. முடிந்தால் பதித்த விளக்கே வேண்டாம். ஒவ்வொன்றும் காற்றுக் கசியும் ஓர் ஓட்டை.

9. கூரை

பணம் ஒரு பகுதிக்குத்தான் போதும் என்றால் கூரையைச் செய்யுங்கள். குளிரில் சூடு மேலேறித் தப்புவதும், வெயிலில் அனல் இறங்குவதும் இதன் வழியாகத்தான்.

*மேற்பரண் உள்ள சாய்கூரை.* குறுக்கு மரங்களுக்கு நடுவே ஒரு அடுக்கு, அவற்றுக்குக் குறுக்காக மேலே இன்னொரு அடுக்கு. இரண்டாவது அடுக்கு மரங்களையும் மூடுவதால் அவை பாலமாகாது. கூரை விளிம்பான இறவாணத்துப் பக்கம் கம்பளியைத் திணித்து அடைத்துவிடாதீர்கள். அங்கே 50 மி.மீ. காற்றுவழி இருந்தால்தான் கூரை மரம் உலரும். மேலே நடைபாதைப் பலகை வேண்டுமென்றால் கால் வைத்து உயர்த்திப் போடுங்கள். 200 மி.மீ. கம்பளியை 100 மி.மீ. ஆக அமுக்கினால் அதன் தடுப்பாற்றல் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

மரத்தின்மேல் மட்டுமே கால் வைக்க வேண்டும் என்று தன்னார்வலர்களிடம் இரண்டு முறை சொல்லுங்கள். எங்களில் ஒருவர் முழங்கால் வரை கீழே தொங்கிய பிறகு நான் மூன்று முறை சொல்லத் தொடங்கினேன்.

குளிர்ப் பகுதியில் காப்பு போட்டபின் பரண் முன்னைவிடக் குளிரும். அங்கே தண்ணீர்த் தொட்டியும் குழாயும் இருந்தால் உறைந்து வெடிக்கலாம். அவற்றுக்கும் உறை போடுங்கள், தொட்டிக்கு நேர் கீழே மட்டும் கம்பளி வேண்டாம். பரண் மூடிக்கு மேலேயும் காப்பு ஒட்டுங்கள். எல்லோரும் மறப்பது அதைத்தான்.

*கான்கிரீட் தளம்.* நீர்த்தடுப்புப் பூச்சு, அதன்மேல் எக்ஸ்.பி.எஸ். பலகை, அதன்மேல் துணிவிரிப்பு, கடைசியில் கூழாங்கல் அல்லது ஓடு. காப்பு மேலிருப்பதால் நீர்த்தடுப்பு வெயிலில் வெந்து வெடிக்காது. 50 மி.மீ. கூழாங்கல் சதுர மீட்டருக்கு 80 கிலோ வரும். பொறியாளர் ஒப்புக்கொள்ளாமல் ஏற்றாதீர்கள். சரிவும் வடிகாலும் முன்பே சரியாக இருக்க வேண்டும். வெயில் பகுதியில் மேற்பரப்பு வெள்ளையாக இருக்கட்டும்.

*தகரக் கூரை.* பளபளக்கும் அலுமினியத் தாளை மட்டும் ஒட்டினால் போதும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அந்தத் தாள் கதிர்வெப்பத்தைத் தடுப்பது உண்மை. ஆனால் அதன் பளபளப்பான முகத்துக்கு எதிரே 20 மி.மீ. அளவுக்காவது காற்றிடைவெளி வேண்டும். இரண்டு பலகைக்கு நடுவே நசுக்கி வைத்தால் அது வெறும் உலோகம். குளிர் இரவில் தகரத்தின் அடிப்பக்கம் வியர்க்கும் என்பதால் ஈரக்காற்று தகரத்தை எட்டாதபடி அடியில் தாள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

10. நீராவித் தடுப்புத் தாள் எந்தப் பக்கம்?

20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 0 டிகிரிக்குக் குளிர்ந்தால் 5 கிராம்தான். மிச்சம் தண்ணீராக வழியும்.

எனவே, நீராவி காப்புக்குள் புகாமல் தடுக்கும் இந்தத் தாள் எப்போதும் சூடான, ஈரமான பக்கம் இருக்க வேண்டும். குளிர்ப் பகுதியில் அது உள்பக்கம். ஏ.சி. ஓடும் புழுக்கமான பகுதியில் அது வெளிப்பக்கம். குளிர்நாட்டுக் காணொளியைப் பார்த்து, புழுக்கமான ஊரில் உள்சுவரில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியவர்கள் தாளுக்குப் பின்னால் பூஞ்சணம் வளர்த்ததைக் கண்டிருக்கிறேன். மடிப்புகள் 100 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நாடாவால் ஒட்டப்பட வேண்டும். ஸ்டேப்ளர் மட்டும் போதாது.

11. சுவர்

வெளிப்பக்கம் பலகை ஒட்டும்போது பின்புறத்தில் அங்கங்கே உருண்டை உருண்டையாகக் கலவை வைத்து அப்புவது கூடாது. பலகைக்குப் பின்னால் காற்று புகுந்து ஏறும். தீப்பிடித்தால் அதுவே புகைபோக்கி. நான்கு ஓரத்திலும் தொடர்ச்சியாக ஒரு வரம்பு, நடுவில் மூன்று உருண்டை, இதுதான் சரி.

செங்கல் அடுக்குவதுபோல் இணைப்புகளை மாற்றி மாற்றி வையுங்கள். ஜன்னலின் மூலைக்கு நேராக எந்த இணைப்பும் வரக்கூடாது. முழுப் பலகையில் எல் வடிவில் வெட்டி மூலையைச் சுற்றி வையுங்கள், இல்லாவிட்டால் முதல் ஆண்டிலேயே மூலையிலிருந்து விரிசல் ஓடும். பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் அதே காப்பின் சீவலைச் செருகுங்கள். கொத்தனார் பழக்கத்தில் கலவையை நிரப்புவார்; அது பாலம். ஜன்னல் விளிம்பின் உள்மடிப்பிலும் 20 முதல் 40 மி.மீ. காப்பு திரும்ப வேண்டும்.

உள்பக்கம் செய்வதானால் அடக்கமான தடிமனோடு நில்லுங்கள். சுவர் முன்னைவிடக் குளிரும், அதனுள் பதிந்திருக்கும் மர உத்தர முனைகள் ஈரத்தில் மக்கலாம். முனைகளைத் திறந்து பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

12. தரையும் ஜன்னலும்

மண்ணோடு ஒட்டிய தரையில் இழப்பு பெரும்பாலும் ஓரங்களில்தான். வெளிப்பக்கம் பள்ளம் தோண்டி, அடித்தளச் சுவரோடு எக்ஸ்.பி.எஸ். பலகையைச் செங்குத்தாக இறக்கினாலே பாதி வேலை முடிந்தது. தரைமேல் காப்பு போட்டால் மட்டம் உயரும்: கதவு இடிக்கும், படியின் உயரம் மாறும், சக்கர நாற்காலிச் சரிவு பொருந்தாது.

ஜன்னல் கண்ணாடியை மாற்றுவது விலையுயர்ந்த வேலை. வெயில் பகுதியில் அதைவிட முதலில் வெளிப்பக்க நிழலைச் செய்யுங்கள்.

13. மூடும் முன்னும் மூடிய பின்னும்

பலகை அடித்து மறைப்பதற்கு முன் காற்றுக் கசிவுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். இப்போது கண்டுபிடித்தால் ஒரு துண்டு நாடா போதும். ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவைப் பக்கத்தில் பிடித்துப் படமெடுத்து வையுங்கள். ஐந்தாண்டு கழித்து ஆணி அடிக்க வருபவருக்கு ஒயர் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும்.

கூடம் திறந்த பிறகு மலிவான ஈரப்பதமானிகள் இரண்டை மாட்டுங்கள்: ஒன்று நடுக்கூடத்தில், இன்னொன்று மிகக் குளிர்ந்த மூலையில், அலமாரிக்குப் பின்னால். பெரிய கூட்டம் முடிந்த மறுநாள் காலை இரண்டையும் படியுங்கள். நடுவில் 50 சதவீதம் காட்டி மூலையில் 80 தாண்டி நின்றால், அந்த மூலையில் காப்பு விட்டுப்போயிருக்கிறது, அல்லது அங்கே காற்று போய்வரவில்லை. அலமாரியை ஒரு சாண் நகர்த்திவிட்டு ஒரு வாரம் பாருங்கள்; அப்படியும் இறங்காவிட்டால் படங்களை எடுத்து அந்தச் சுவரைத் தேடுங்கள்.